முன்பு குடியிருந்த பூனை

பொழிச்சலூரில் வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் கேட்டில் தொங்கும் அட்டையை நின்று படிக்கிறார்கள். ‘டு லெட்’ என்ற பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். பேச்சிலர் கிடையாது, சைவம் மட்டும், ஒரு டூவீலருக்குத்தான் இடம், நாய் பூனை கூடாது. கடைசி நிபந்தனை ஒருபக்கமானது. குடிவருகிறவர் பிராணி கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் மாடியில் வளர்க்கும் பொமரேனியனைப் பற்றியோ, முன்பு இருந்தவர் எதை வளர்த்தார், எதை விட்டுப்போனார் என்பதைப் பற்றியோ அட்டையில் ஒன்றும் இராது. வருகிறவரும் கேட்பதில்லை. தண்ணீர் போரா லாரியா, கரண்ட் யூனிட் என்ன ரேட்டு, அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

விமான நிலையத்துச் சுவரை ஒட்டி வளர்ந்த ஊர் இது. ஒரு பக்கம் அடையாறு. சுற்றிலும் கவுல் பஜார், பம்மல், அனகாபுத்தூர். சனீஸ்வரனுக்குத் தனிச் சந்நிதி உள்ள அகத்தீஸ்வரர் கோயிலால் வட திருநள்ளாறு என்ற பெருமையும் உண்டு. சனிக்கிழமைகளில் எள் விளக்கு ஏற்ற வருகிற கூட்டத்தில் தெரு அடைத்துக்கொள்ளும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பம்மலும் அனகாபுத்தூரும் அதற்குள் போயின. பொழிச்சலூர் ஊராட்சியாகவே நின்றது. விமான நிலையத்திலும் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்திலும் நாகல்கேணித் தோல் பட்டறைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகும் ஊர். என் கணவருக்குச் சரக்கு முனையத்தில் ஷிப்ட் வேலை. இரவு இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு இதைவிடப் பக்கத்தில் வீடு கிடையாது. அதனால் வந்தோம்.

கீழ்த்தளத்தில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன். மாடியில் ஹவுஸ் ஓனர் அம்மா தனியாக இருக்கிறார். எங்களுக்கு முன் இருந்த குடும்பம் வேறெங்கோ அப்பார்ட்மென்ட் வாங்கிப் போனபோது சாமான்களோடு ஏற்றாமல் விட்டது ஒரு பழுப்புப் பூனையை. அது பிறந்ததே எங்கள் கிச்சன் பரணில்தானாம். கதவைச் சாத்தினாலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத ஓட்டை வழியாக உள்ளே வந்து, பரணில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அது வருகிற தோரணையில் திருட்டுத்தனம் இல்லை. வெளியே போயிருந்த வீட்டுக்காரி திரும்பி வருகிற தோரணை.

மார்கழிப் பனி தொடங்கியதும் எங்கள் பையனுக்கு அடுக்குத் தும்மல் வந்தது. மூக்கைக் கையின் அடிப்பக்கத்தால் மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பான். கண் சிவந்து அரிக்கும். பிறகு ஒரு நாள் இரவு நெஞ்சில் விசில் சத்தம். இந்தப் பக்கத்தில் இதற்கு வீசிங் என்று பெயர். இளைப்பு, இரைப்பு என்று சொல்கிறவர்கள் அறுபதைக் கடந்தவர்கள். எதிர்வீட்டு ஆயா கேட்ட முதல் கேள்வி இது: “பூனை முடி எதனா வயித்துல போயிடுச்சா பாரும்மா.”

இந்தக் கேள்வியைப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். பூனைக்கும் இளைப்புக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வகம் இல்லாமலே கண்டுகொண்ட தலைமுறை அது. தவறியது வழி மட்டும்தான். முடி வயிற்றுக்குள் போவதால் ஒன்றும் ஆவதில்லை. குற்றவாளி முடியும் அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம். மருத்துவ நூல்களில் அதன் பெயர் ஃபெல் டி 1. பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொள்கிறது. எச்சில் காய்ந்து, தோலின் பொடுகோடு சேர்ந்து உதிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றில் ஏறுகிறது. துகள் மிக நுண்ணியது என்பதால் மணிக்கணக்கில் இறங்காமல் மிதக்கும். இறங்கினால் துணியிலும் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வீட்டிலிருந்து பூனையை அகற்றிய பிறகும் இந்தப் புரதத்தின் அளவு பூனையில்லாத வீட்டின் அளவுக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு மாதம் வரை ஆகலாம். பூனை வளர்க்காத வீடுகளிலும் பள்ளி வகுப்பறைகளிலும் இது கிடைக்கிறது. வளர்ப்பவர்களின் உடையில் ஏறிப் பயணம் செய்கிறது. நாய்க்கும் இதே கதைதான், புரதத்தின் பெயர்தான் வேறு. ‘ஒவ்வாமை தராத ரகம்’ என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு நாய் விற்பவர்களை நம்ப வேண்டாம். முடி குறைவாக உதிர்க்கும் ரகங்கள் உண்டு. புரதமே சுரக்காத ரகம் கிடையாது.

இதை யோசித்தால் வாடகை வீட்டின் நிலைமை கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கிறது. முந்தைய குடித்தனக்காரர் சாவியைக் கொடுத்த மறுவாரம் நாம் பால் காய்ச்சுகிறோம். அவர் வளர்த்த பிராணியின் மிச்சம் அடுத்த பண்டிகை வரை சுவரில் இருக்கும்.

ஆனாலும் பூனை மேல் மட்டும் பழியைப் போட்டு நிறுத்திவிட முடியாது. மருத்துவர் ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். ஒவ்வாமை மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் தோல் ஒன்றும் சொல்லாது. முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்து, ஒவ்வொரு சொட்டின் நடுவிலும் லேசாகக் குத்துகிறார்கள். கால் மணி நேரத்தில், உடம்புக்கு ஆகாத சொட்டு கொசு கடித்ததுபோல் தடிக்கும். பையனின் கையில் பெரிதாகத் தடித்தது தூசிச் சிற்றுண்ணி. அதற்கடுத்துப் பூனை. கரப்பான்பூச்சிக்கும் சின்னதாக ஒரு தடிப்பு. பூனை இரண்டாம் குற்றவாளிதான்.

தூசிச் சிற்றுண்ணி மெத்தையிலும் தலையணையிலும் நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிற, வெறும் கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிர். அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வற்றிச் செத்துவிடும். சென்னையில் அப்படி நீடிக்கும் மாதம் எங்கே இருக்கிறது? கடல் பக்கத்தில் இருக்கிறது, வடகிழக்குப் பருவமழை இருக்கிறது, எங்கள் பெட்ரூமின் வடக்குச் சுவரில் ஓதம் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரையுடைத்து இந்தத் தெருக்களில் புகுந்தது. விமான நிலையமே டிசம்பர் 6 வரை மூடிக்கிடந்தது. அந்த வெள்ளம் வந்த வீடுகளின் கீழ்த்தளச் சுவர்களில், எத்தனை கோட்டிங் பெயின்ட் அடித்தாலும், ஐப்பசி பிறந்ததும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு ஊறித் தெரிகிறது. அந்தக் கோட்டின் மேல் பூஞ்சையும் பூக்கிறது.

ஆகப் பையனின் மூச்சுக்கு மூன்று சொந்தக்காரர்கள். மெத்தை எங்களுடையது. ஓதம் ஹவுஸ் ஓனர் அம்மாவுடையது. பூனை, ஊரை விட்டுப்போன ஒருவருடையது. ஒவ்வாமை பற்றிய அறிவுரைகளை எங்கே படித்தாலும் நான் காண்கிற குறை இதுதான்: அவை எல்லாச் சுவரும் படிக்கிறவருக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. பிராணிக்குத் தனி அறை ஒதுக்குங்கள், ஜன்னலை மாற்றுங்கள், ஈரச் சுவரைச் சரிசெய்யுங்கள், காற்றுச் சுத்திகரிப்பானை இரவு முழுக்க ஓடவிடுங்கள். எல்லாம் சரிதான், ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டிய வீட்டில் இதில் எதைச் செய்வது?

எங்களுக்குச் சொந்தமானதில் சிரமம் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கினோம். தலையணைக்கு ஜிப் வைத்த அடர்த்தியான உறை போட்டோம். படுக்கை விரிப்பை வாராவாரம் 60 டிகிரி வெந்நீரில் அலசுகிறோம். அந்தச் சூட்டில் சிற்றுண்ணி பிழைக்காது, பூனைப் புரதமும் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். துடைப்பம் போட்டுப் பெருக்குவதை நிறுத்தி ஈரத்துணியால் துடைக்கிறோம். பெருக்கினால் படிந்திருந்தது எழும்பி மூக்குக்கு வரும். வாடகை வீடுகளுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வீட்டுக்காரர்கள் மொசைக்கும் டைல்ஸும் போட்டு வைத்திருக்கிறார்கள். தரை முழுக்கக் கம்பளம் ஒட்டிய குளிர்நாட்டு வீடுகளில் பூனைத் துகளை எடுப்பது பெரும்பாடு.

சிக்கல் ஜன்னலில் தொடங்கியது. பெட்ரூம் ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், துகள் வெளியேறும், சுவர் காயும். மருத்துவர் சொன்னதும் அதையே. திறந்தால் கொசுவும் வரும். அடையாற்றங்கரைக் கொசுவை அறியாதவர்களுக்கு விளக்கிப் பயனில்லை. கொசு வந்தால் சுருள் கொளுத்த வேண்டும். வீசிங் உள்ள பிள்ளை இருக்கிற அறையில் கொசுவர்த்திப் புகை ஆகவே ஆகாது. சுருள் வேண்டாம் என்று ஜன்னலைச் சாத்தினால் அறை புழுங்கி, ஓதம் ஏறி, சிற்றுண்ணிக்குக் கொண்டாட்டம். திறந்தே வைத்து ஃபேனைக் கூட்டினால், ஹாலுக்குள் வந்த பூனை ஜன்னல் விளிம்பில் வந்து உட்காருகிறது. அதன் பொடுகை ஃபேனே அறை முழுக்கப் பரிமாறுகிறது. நடுவில் விமானம் இறங்கும்போது யாரும் எதையும் பேச முடியாது, அது வேறு கணக்கு. கொசு, புகை, ஈரம், பூனை என்று நான்கில் எதை உள்ளே விடுவது என்பதுதான் பல மாதம் எங்கள் வீட்டு இரவு விவாதம்.

தீர்வு பம்மல் கடைத்தெருவில் சல்லிசாகக் கிடைத்தது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி வெல்க்ரோ பட்டி ஒட்டி, அதில் கொசுவலையை அழுத்தி வைத்துவிடுகிறார்கள். ஆணி இல்லை, ஓட்டை இல்லை, காலி செய்யும்போது உரித்துக்கொண்டு போகலாம். இந்த வெல்க்ரோ வலையை வாடகைக்காரர்களுக்காகவே ஒருவர் கண்டுபிடித்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஓட்டையிலும் அதையே அடைத்தோம். பூனை முதல் இரண்டு இரவு வெளியே நின்று கத்தியது. பையன் அழுதான், தும்மலால் அல்ல.

காற்றுச் சுத்திகரிப்பானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஹெபா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் அளவுக்குத் தரப்படுத்தப்பட்டது. மிதக்கிற பூனைத் துகளுக்கு அது நிச்சயம் உதவும். மெத்தைக்குள் இருக்கிற சிற்றுண்ணிக்கு உதவாது. எங்களை யோசிக்க வைத்தது மீட்டர். தமிழ்நாட்டில் 2016இலிருந்து வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். வாடகைக்கு இருப்பவர்களில் பலரை அந்தச் சலுகை எட்டுவதில்லை. சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை வாங்குகிற வழக்கம் இங்கே வேர்விட்டுவிட்டது. இரவு முழுக்க ஓடும் இயந்திரத்தை அந்த விலையில் கணக்குப் பார்த்தால் படுக்கையறைக் கதவைச் சாத்தி வைப்பதே மலிவு. பூனை எப்படியாவது வீட்டுக்குள் வந்துவிட்டாலும், பையன் தூங்கும் அறைக்குள் மட்டும் அனுமதி கிடையாது என்ற ஒரே விதியை நாங்கள் கடைப்பிடிக்கிறோம். அறிவுரைப் பட்டியல்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மருந்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்குகிற செட்ரிசின் வகை மாத்திரை தும்மலை நிறுத்தும், வீசிங்கை நிறுத்தாது. அதற்கு இன்ஹேலர்தான். ‘அதுக்குப் பழகிட்டா விட முடியாது’ என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நுரையீரலுக்குள் நேராகப் போகிற மிகச் சிறிய அளவு மருந்துக்குப் பயந்து, உடம்பு முழுக்கப் போகிற மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கவைக்கும் வழக்கம் எனக்குப் புரிந்ததே இல்லை.

சுவருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கு 2017இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. சுவர், கூரை போன்ற கட்டடப் பழுதுகள் வீட்டுக்காரர் பொறுப்பு, சின்னச் சின்னப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று பிரித்தும் வைத்திருக்கிறது. காகிதத்தில் ஓதம் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற குடித்தனக்காரரை நான் பொழிச்சலூரில் கண்டதில்லை. ஏறினால் கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரியும்: “வசதிப்படலன்னா வேற வீடு பாத்துக்கங்க.” வேறு வீடு என்றால் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயின்ட் அடிக்க என்று பழைய அட்வான்ஸில் கழிக்கப்படும் ஒரு மாதம், பள்ளி வேன் மாறுவது, அப்புறம் அந்த வீட்டில் முன்பு என்ன இருந்ததோ என்ற கேள்வி.

நான் ஏறியது சட்டத்தோடு அல்ல, பரிசோதனைச் சீட்டோடு. ஹவுஸ் ஓனர் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்தார்.

“பூனைனு போட்டிருக்குதே. அது உங்களுக்கு முன்னாடியே இங்க இருக்குதும்மா. நான் வளக்கல. சனிக்கெழமை காக்காய்க்கு வெக்கிற சோத்தத் தின்ன வரும், ஒரு வாய் பாலு ஊத்துவேன். அதத் தொரத்தினா எந்த வீட்டுக்குப் போவும்?”

“தொரத்த வேணாம்மா. பால மட்டும் மொட்ட மாடில வெச்சுடுங்க. கீழ படிகிட்ட வெச்சீங்கன்னா அது எங்க வீட்டுக்குள்ளதான் வருது.”

“செவுரு?”

“அதுக்கும் எதனா பண்ணுங்கம்மா.”

பால் அன்றைக்கே மாடிக்குப் போனது. சுவரை அடுத்த கோடையில் பூச்சு உரித்து, ஓதம் தடுக்கும் கலவை பூசிக் கொடுத்தார். செலவில் பாதி எங்களுடையது. நியாயமா என்றால் இல்லை. ஆனால் மழைக்கு முன் நடந்தது.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த வீட்டுக்குப் போவும்? இந்தப் பகுதியில் வீடு மாறும் மாதங்களில், பள்ளிகள் விடுமுறை விட்டதும், தெருமுனைகளில் புதிய நாய்களும் பூனைகளும் தென்படும். கழுத்தில் பட்டையோடு, ஆட்களைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு, தெருநாய்களிடம் கடி வாங்கிக்கொண்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மிக்ஸியிலிருந்து புறா, கிளிக்குஞ்சு, நாய்க்குட்டி வரை கிடைக்கிறது. பிள்ளை அடம்பிடித்தால் வாங்குவது அரை மணி நேர வேலை. ஒவ்வாமை தெரிய மாதங்கள் ஆகும். அதற்குள் குட்டி வளர்ந்து, பெயருக்குத் திரும்பிப் பார்க்கக் கற்றிருக்கும். அப்போது மருத்துவர் ‘பிராணியைத் தள்ளி வையுங்கள்’ என்று சொன்னால், அல்லது அடுத்த வீட்டின் கேட்டில் ‘நாய் பூனை கூடாது’ என்று இருந்தால், எளிய வழி ஆற்றங்கரை. கவுல் பஜார்ப் பக்கம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வேகமாகத் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது ஒரு தாய் எதையும் செய்வாள்.

இதற்கும் சட்டம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா கிளப்பிய விவாதத்திலிருந்து பிறந்தது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதன்படி 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018 வரை அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960இல் 50 ரூபாய் என்பது பலருக்குப் பாதி மாதச் சம்பளம். இன்று ஷேர் ஆட்டோவில் பல்லாவரம் போய்வரவே சரியாக இருக்கும். அந்த 50 ரூபாய் உச்சவரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. கைவிடப்பட்டதை எடுத்து வளர்க்கிற வேலை தனியாரின் தலையில் விழுகிறது. 1959இல் மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றிய விமானி கேப்டன் சுந்தரம் தொடங்கியதுதான் ப்ளூ கிராஸ். அப்படிப்பட்ட காப்பகங்களின் கூண்டுகள் நிரம்பி வழிவதற்கு, வீடு மாறுகிறவர்களும் ஒரு காரணம்.

பையனின் மருந்துக்காகத் தாம்பரம் சானடோரியம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். 1928இல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். அவரிடம் இருந்த சிகிச்சை நல்ல காற்று, வெயில், ஓய்வு, உணவு. நகரத்தின் நெரிசலை விட்டு மரங்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே நோயாளியைக் கொண்டுவந்து படுக்கவைத்தார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது; இன்றும் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே அதனால்தான் அந்தப் பெயர். அதாவது தென்சென்னைப் புறநகர், ஒரு காலத்தில் மூச்சுக்காக மக்கள் தேடி வந்த இடம். இன்று நாங்களும் இங்கே தேடித்தான் வந்திருக்கிறோம், வாடகைக்காக. காற்று வாடகைக்குள் அடக்கம் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதுவதில்லை.

அதே சானடோரியத்தில் 2005இலிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இயங்குகிறது. இரைப்புக்கு ஆடாதோடை என்பது சித்த மருத்துவத்தில் பழைய பாடம். அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் இன்றைய இருமல் மருந்துகளில் இருக்கும் ப்ரோம்ஹெக்சின் உருவானது. எதிர்வீட்டு ஆயா ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், சளி இளகியது. இன்ஹேலரை நிறுத்தச் சொல்லி அவரும் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சண்டைபோட வைப்பவர்கள் பெரும்பாலும் இரவில் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துப் பார்க்காதவர்கள்.

பையனுக்கு இப்போது வீசிங் அபூர்வமாகத்தான் வருகிறது. வலை காரணமா, சுவரா, மெத்தையா, இன்ஹேலரா, அல்லது வயதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூனையைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணில் வைக்க வேண்டும் என்பது அவனுக்குப் பழகிவிட்டது. பூனை மாடியில் இருக்கிறது. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்துவிட்டோம். அதனால் பரணில் அடுத்த தலைமுறை பிறக்கவில்லை.

பொழிச்சலூரிலோ வேறெங்கோ வீடு பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. தண்ணீரையும் அட்வான்ஸையும் கேட்கும்போதே, முன்பு இருந்தவர்கள் என்ன வளர்த்தார்கள், மாடியில் என்ன வளர்கிறது, மழைக்காலத்தில் சுவர் எந்த உயரம்வரை ஊறுகிறது என்று கேளுங்கள். வீட்டுக்காரர்கள், தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பாதியில் காலி செய்கிற குடித்தனக்காரர் உங்களுக்கும் நஷ்டம்தான். சந்தையில் குட்டி வாங்க நினைக்கிறவர்கள், நாயோ பூனையோ உள்ள உறவினர் வீட்டுக்குப் பிள்ளையை முதலில் பல முறை அழைத்துப்போய்ப் பாருங்கள். மூக்கு அரித்தால் சந்தைக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே வளர்க்கிறீர்கள், பிள்ளைக்குத்தான் ஆகவில்லை என்றால் முதலில் டெஸ்ட் எடுங்கள். குற்றவாளி மெத்தையாகவும் இருக்கலாம். பூனைதான் என்று உறுதியாகி, பிரிந்தே ஆக வேண்டும் என்றாலும், அதை எடுத்துக்கொள்ளும் ஒரு வீட்டைக் கண்டுபிடித்து ஒப்படைத்த பிறகு லாரியில் சாமான் ஏற்றுங்கள்.